எல்லோரும் படிக்கும் நோட்டு

உங்கள் தெருவில் மகளிர் குழு இருக்கிறதா? நீங்கள் அதில் உறுப்பினரா? குழுவின் கணக்கு நோட்டை எப்போதாவது கையில் வாங்கிப் பார்த்தது உண்டா?

"எழுதுகிறவர் நல்லவர். நாம் எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று சிலர் நினைக்கலாம். எங்கள் தெருவிலும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் ஒரு நல்ல குழு உடையப் பார்த்தது. அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம். குழு எப்படி உருவாகிறது, எப்படிப் பேசுகிறது, எப்படி நிலைக்கிறது என்றும் பார்ப்போம்.

1. ஒரு நோட்டால் வந்த சண்டை

நான் மும்பையில் தாராவியில் இருக்கிறேன். எழுத்தறிவு மையத்தில் தொண்டராக வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பலருடைய தாத்தா, பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நாங்கள் குடியிருப்பது ஒரு சால். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கும் சின்ன வீடுகளை இங்கே சால் என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே சில வீடுகளில் இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறிவிடும். பெண்கள் இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதை எடுத்துப் போய்த் தெருத் தெருவாக விற்பார்கள்.

எங்கள் சாலில் 12 பெண்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். மராத்தி பேசுகிறவர்கள் இதைப் 'பச்சத் கட்' என்பார்கள். சேமிப்புக் குழு என்று பொருள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு. அப்படியானால் மாதம் 1,200 ரூபாய் சேரும்.

ஏன் தொடங்கினார்கள்? வட்டித் தொல்லைதான் காரணம். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் வட்டிக்காரரிடம் போக வேண்டும். அவர் ஐந்து வட்டி கேட்பார். ஐந்து வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

குழுவில் ஒரு வட்டிதான். 5,000 ரூபாய்க்கு முதல் மாதம் 50 ரூபாய். அந்த வட்டியும் வெளியே போகாது. குழுவிலேயே சேரும்.

வங்கியில் கணக்குத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் அவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எட்டாவது வரை படித்த ஓர் அக்கா கணக்கு எழுதினார். அவரைக் கணக்கு அக்கா என்று கூப்பிடுவோம். இட்லி அவித்து விற்கும் ஓர் அக்காவும் குழுவில் இருந்தார். அவரை இட்லி அக்கா என்போம்.

ஐந்தாம் மாதம் இட்லி அக்காவின் கிரைண்டர் பழுதாகிவிட்டது. மாவு ஆட்டாமல் இட்லி ஏது? குழுவில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அப்போது வேறு யாரும் கடன் வாங்கவில்லை. மாதம் 500 ரூபாய் அசலும் அதற்கான வட்டியும் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாம் மாதக் கூட்டம் வந்தது. பணம் வாங்குவதற்கு முன்பே பேச்சுத் தொடங்கிவிட்டது.

"நான் மூணு தவணை கட்டிட்டேன். இன்னும் மூவாயிரத்து ஐந்நூறுதான் பாக்கி" என்றார் இட்லி அக்கா.

கணக்கு அக்கா நோட்டைப் பார்த்தார். "இல்லையே அக்கா. ரெண்டு தவணைதான் எழுதியிருக்கு. நாலாயிரம் பாக்கி."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"அப்போ நான் திருடிட்டேன்னு சொல்லுதியளா?"

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் பேசினார்கள். பாதிப் பேர் இட்லி அக்கா பக்கம். பாதிப் பேர் கணக்கு அக்கா பக்கம். கூட்டம் கலைந்தது. அடுத்த மூன்று மாதம் யாரும் கூடவில்லை. குழாயடியில் பேச்சு மட்டும் வளர்ந்தது.

பன்னிரண்டு பேர் எட்டு மாதம் சேர்த்த 9,600 ரூபாய் நடுவில் நின்றது. இரண்டு பேர் மறுபடியும் வட்டிக்காரரிடம் போய்விட்டார்கள்.

ஒரு நாள் மாலை இட்லி அக்கா எங்கள் மையத்துக்கு வந்தார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் டீச்சர். அது போதலை. அந்த நோட்டைப் படிக்கணும். அதுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிக்கொடு" என்றார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. என் வேலை முடியவில்லை. பாதியில் விட்டிருந்தேன்.

2. மொட்டை மாடியில் ஏழு பேர்

அந்த நாட்களில் மையத்தில் ஒரு கதை சொன்னேன். இது எங்கள் ஊரிலேயே நடந்த உண்மைக் கதை.

மாஹிம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிர்காவ். மும்பையின் பழைய பகுதிகளில் ஒன்று.

1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி. கிர்காவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். எல்லோரும் குஜராத்திக் குடும்பத்துப் பெண்கள். அதிகம் படித்தவர்கள் இல்லை. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று உண்டு. அப்பளம் தேய்ப்பது.

கையில் முதல் இல்லை. சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். உளுந்து மாவும் மற்ற சாமான்களும் வாங்கினார்கள். அன்று நான்கு பாக்கெட் அப்பளம் தயாரானது. புலேஷ்வர் கடைத்தெருவில் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

அந்த ஏழு பேரும் தொடக்கத்திலேயே சில முடிவுகள் எடுத்தார்கள்.

யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை.
நஷ்டம் வந்தாலும் கை நீட்டுவதில்லை.
லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் பொது.

கடன் கொடுத்த பாரேக் ஒரு யோசனையும் சொன்னார். இதை ஒரு தொழிலாக நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார்.

மும்பை மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம் பிடித்தால் நான்கு மாதம் விடாது. வெயில் இல்லாமல் அப்பளம் காயுமா? முதல் ஆண்டு நான்கு மாதம் வேலையே நடக்கவில்லை. குழு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். அப்பளத்தைக் கட்டிலில் பரப்பினார்கள். அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். 1962-இல் அப்பளத்துக்கு 'லிஜ்ஜத்' என்று பெயர் வைத்தார்கள். லிஜ்ஜத் என்றால் சுவை என்று பொருள். 1966-இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள்.

எல்லாமே வெற்றியா? இல்லை. 1961-இல் மலாட் என்ற இடத்தில் ஒரு கிளை தொடங்கப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. ஆனாலும் விடவில்லை. வேறு இடங்களில் முயன்றார்கள். இன்று பல மாநிலங்களில் கிளைகள் இருக்கின்றன. சுமார் 45,000 பெண்கள் உறுப்பினர்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 'பென்' என்றால் சகோதரி என்று பொருள். அங்கே உறுப்பினர் எல்லோரும் சகோதரிகள்தான். முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமையாளர்.

வேலை இப்படி நடக்கிறது. கிளையில் மாவு பிசைவார்கள். காலையில் சகோதரிகள் வந்து மாவை வாங்கிப் போவார்கள். வீட்டில் அப்பளம் தேய்ப்பார்கள். மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். எடை போடுவார்கள். தரம் பார்ப்பார்கள். தேய்த்ததற்குக் கூலி கிடைக்கும்.

முக்கியமான முடிவுகளில் கை தூக்கி எண்ணும் பழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள். ஒரு சகோதரி மறுத்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.

இந்தக் கதையை முடித்ததும் இட்லி அக்கா கேட்டார். "அவுக நல்லா இருந்ததுக்கு என்ன காரணம் டீச்சர்? ஒருத்தரை ஒருத்தர் நம்புனாவளா?"

நான் சொன்னேன். "நம்பினார்கள் அக்கா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. எடை போட்டுப் பார்த்தார்கள். கணக்கு எழுதினார்கள். எல்லோரும் உரிமையாளர் என்றால் எல்லோருக்கும் கேட்கிற உரிமை உண்டு."

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் கேட்டதே இல்லையே. சண்டைதான் போட்டேன்" என்றார்.

3. குழு எப்படி உருவாகிறது?

நான்கு பேர் ஒன்றாக நின்றால் அது கூட்டம். பஸ் ஸ்டாப்பில் நிற்பதும் கூட்டம்தான். பஸ் வந்தால் கலைந்துவிடும். அது குழு ஆகாது.

குழுவுக்கு மூன்று வேண்டும்.

ஒன்று, பொதுவான நோக்கம். எல்லோருக்கும் ஒரே தேவை இருக்க வேண்டும். அந்த நோக்கத்தை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். "அப்பளம் தேய்த்துச் சம்பாதிப்போம்." "ஐந்து வட்டியிலிருந்து மீளுவோம்." உங்கள் குழுவின் நோக்கம் என்ன? ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால், முதலில் அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

இரண்டு, அளவு. சேமிப்புக் குழுவில் பொதுவாக 10 முதல் 20 பேர் இருப்பார்கள். அது ஏன்? ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 3 நிமிடம் பேசினால், 12 பேர் பேச 36 நிமிடம் ஆகும். 40 பேர் என்றால் 120 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரம். அதுவரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? கடைசியில் நான்கு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

மூன்று, விதிமுறை. எப்போது கூடுவது? எவ்வளவு சேமிப்பது? கடன் யாருக்கு முதலில்? தவணை தவறினால் என்ன செய்வது? இவற்றைத் தொடக்கத்திலேயே பேச வேண்டும். பிரச்சினை வந்த பிறகு விதி செய்தால், அது ஒருவருக்கு எதிராகச் செய்தது போலத் தோன்றும்.

1992-இல் நபார்டு வங்கி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் அது. முதலில் 500 குழுக்கள் என்று தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுவதும் பரவியது. நல்ல குழுவுக்கு ஐந்து பழக்கங்கள் வேண்டும் என்று சொல்வார்கள். 'பஞ்ச சூத்திரம்' என்று அதற்குப் பெயர்.

தவறாமல் கூடுவது.
தவறாமல் சேமிப்பது.
குழுவுக்குள் தவறாமல் கடன் கொடுப்பது.
தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது.
அன்றைய கணக்கை அன்றே எழுதுவது.

எங்கள் குழு முதல் நான்கையும் செய்தது. ஐந்தாவதையும் செய்தது. கணக்கு அக்கா அன்றைய கணக்கை அன்றே எழுதினார். பிறகு எங்கே தவறு நடந்தது?

எழுதியதை வேறு யாரும் படிக்கவில்லை.

4. குழுவில் எப்படிப் பேசுவது?

சண்டை வந்த அன்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒருவரும் கேட்கவில்லை. பேசுவதற்கும் ஒரு முறை உண்டு.

வட்டமாக உட்காருங்கள். தலைவிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை என்று வேண்டாம். வட்டமாக இருந்தால் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேளுங்கள். நம் முறை வரும்.

பேசாதவரை முதலில் கேளுங்கள். சிலருக்குக் கூச்சம். மாமியார் அதே குழுவில் இருந்தால் மருமகள் வாய் திறக்கமாட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பேசுவார்.

ஆளைப் பேசாதீர்கள். விஷயத்தைப் பேசுங்கள். "நீ திருடிட்டே" என்றால் எதிரில் இருப்பவருக்குக் கோபம்தான் வரும். "என் மூணாவது தவணை நோட்டுல இல்லை. எங்கே போச்சுன்னு பார்ப்போம்" என்றால் எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். விஷயம் ஒன்றுதான். சொல்லும் விதம் வேறு.

முடிவைத் திரும்பச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். "நாம் இன்று இப்படி முடிவு செய்தோம்." எல்லோரும் ஆமாம் என்ற பிறகு எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

குழுவின் பேச்சைக் குழுவிலேயே பேசுங்கள். குழாயடியில் பேசினால் ஒன்று பத்தாகும். சம்பந்தப்பட்டவர் அங்கே இருக்கமாட்டார். பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பும் இருக்காது.

5. நோட்டைத் திறந்தோம்

மூன்று மாதம் முடிந்தது. இட்லி அக்காவுக்குப் பெயர்களும் எண்களும் படிக்க வந்துவிட்டன. நான் கணக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் கண் கலங்கினார். "எட்டு மாசம் நான் ஒருத்திதான் எழுதினேன். என் பிள்ளை காய்ச்சலா கெடந்த அன்னைக்கும் எழுதினேன். ஒருத்திகூட நோட்டைத் திருப்பிப் பார்க்கலை. இப்போ எல்லாரும் என்னைத் திருடிங்கிறாவ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் தலையில் எல்லா வேலையையும் வைத்தோம். பிறகு எல்லாப் பழியையும் வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழு மறுபடியும் கூடியது. வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் பணத்தைப் பார்த்தோம்.

பன்னிரண்டு பேர், மாதம் 100, எட்டு மாதம். சேமிப்பு 9,600 ரூபாய்.

இட்லி அக்கா சொன்ன கணக்கு இது:

6-ஆம் மாதம்: அசல் 500, வட்டி 50. மொத்தம் 550. பாக்கி 4,500.
7-ஆம் மாதம்: அசல் 500, வட்டி 45. மொத்தம் 545. பாக்கி 4,000.
8-ஆம் மாதம்: அசல் 500, வட்டி 40. மொத்தம் 540. பாக்கி 3,500.

மூன்று மாத வட்டி 135 ரூபாய். சேமிப்போடு சேர்த்தால் 9,735 ரூபாய். அதில் 3,500 ரூபாய் இட்லி அக்காவிடம் கடனாக இருக்கிறது. அப்படியானால் கையிருப்பு 6,235 ரூபாய் இருக்க வேண்டும்.

வங்கிப் புத்தகத்தைப் பார்த்தோம். 6,000 ரூபாய் இருந்தது. பெட்டியைத் திறந்து எண்ணினோம். 235 ரூபாய் இருந்தது.

பணம் சரியாக இருந்தது! யாரும் எடுக்கவில்லை. இட்லி அக்காவும் பொய் சொல்லவில்லை.

"நானும் அன்னைக்கே மொத்தத்தைப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. அதனாலதான் நோட்டும் சரின்னு நெனச்சேன்" என்றார் கணக்கு அக்கா.

அப்படியானால் அந்த 540 ரூபாயை எங்கே எழுதினார்கள்?

இட்லி அக்கா நோட்டைக் கையில் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார். பெயரைப் படித்தார். தொகையைப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பூக்கார அக்காவின் பக்கம் வந்தது. "எட்டாம் மாசம். சேமிப்பு நூறு. வந்தது ஐந்நூற்று… நாற்பது."

"நான் எப்போ ஐந்நூத்தி நாப்பது குடுத்தேன்? நான் கடனே வாங்கலையே!" என்றார் பூக்கார அக்கா.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோருக்கும் புரிந்தது. இட்லி அக்காவுக்கும் பூக்கார அக்காவுக்கும் ஒரே பெயர். பக்கம் மாறிவிட்டது. மொத்தம் சரி. பக்கம் தவறு.

பூக்கார அக்காவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். தன் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மற்ற அக்காமாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் பார்த்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

இட்லி அக்கா எழுந்து போய்க் கணக்கு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "மனசுல வச்சுக்காத தாயி" என்றார். கணக்கு அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தார்.

6. இப்போது நாங்கள் செய்வது

அன்று கூடிப் பேசிச் சில விதிகள் செய்தார்கள். அவற்றை எழுதினார்கள். படித்துக் காட்டி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் தொடங்கும்போது போன மாதப் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும்.
எழுதுகிறவர் படிக்கக் கூடாது. வேறு ஒருவர் படிக்க வேண்டும். மாதம் ஒருவர் முறை.
ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பணம் கொடுத்ததும் அதிலும் எழுத வேண்டும்.
பணத்தை நடுவில் வைத்து இரண்டு பேர் எண்ண வேண்டும்.
பெயரோடு ஓர் எண்ணும் எழுத வேண்டும். ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் வராது.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எழுதுகிறவர் மாற வேண்டும்.

முதல் மாதம் படிக்கும் முறை இட்லி அக்காவுக்கு வந்தது. இரண்டாம் மாதம் பூக்கார அக்காவின் முறை. "எனக்குப் படிக்க வராதே" என்றார். மறுநாளே மையத்துக்கு வந்துவிட்டார். இப்போது குழுவில் படிக்கத் தெரியாதவர்கள் மூன்று பேர்தான். அவர்களும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கைக் கேட்பது சந்தேகம் இல்லை. கணக்கைக் காட்டுவது அவமானம் இல்லை. உரக்கப் படித்த கணக்கு எழுதியவரையும் காப்பாற்றும். பணம் கட்டியவரையும் காப்பாற்றும்.

நண்பர்களே, கையெழுத்துப் போடக் கற்றீர்கள். நல்லது. அதோடு நின்றுவிடாதீர்கள். எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்று படியுங்கள். அடுத்த கூட்டத்தில் நோட்டை ஒருமுறை கையில் வாங்குங்கள். உங்கள் பக்கத்தை நீங்களே படியுங்கள்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. கிர்காவில் எத்தனை பெண்கள் கூடினார்கள்? எந்த ஆண்டு?
2. அவர்கள் எவ்வளவு கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கினார்கள்?
3. மழைக்காலத்தில் அப்பளம் காய வைக்க என்ன செய்தார்கள்?
4. ஐந்து பழக்கங்கள் எவை?
5. 540 ரூபாய் ஏன் வேறு பக்கத்துக்குப் போனது?

கணக்குப் போடுங்கள்

1. உங்கள் குழுவில் 15 பேர். ஆளுக்கு மாதம் 50 ரூபாய். ஓர் ஆண்டில் எவ்வளவு சேரும்?
2. 2,000 ரூபாய் கடன். ஐந்து வட்டி என்றால் ஒரு மாத வட்டி எவ்வளவு? ஒரு வட்டி என்றால் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

1. எங்கள் குழு மூன்று மாதம் கூடவில்லை. அந்த மூன்று மாதமும் இட்லி அக்காவிடம் 3,500 ரூபாய் பாக்கி இருந்தது. மாதம் 35 ரூபாய் வீதம் வட்டி 105 ரூபாய். அதை அவர் கட்ட வேண்டுமா? தவறு அவருடையது இல்லை. ஆனால் பணம் அவரிடம்தான் இருந்தது. நீங்கள் குழுவில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசிப் பாருங்கள்.
2. உங்கள் குழுவில் அதிகம் பேசாதவர் யார்? ஏன் பேசுவதில்லை? அவரைப் பேச வைப்பது எப்படி?

புதிய சொற்கள்

உறுப்பினர் – குழுவில் சேர்ந்தவர்
அசல் – கடனாக வாங்கிய பணம்
தவணை – கடனைப் பிரித்துக் கட்டும் தொகை
கையிருப்பு – செலவு போகக் கையில் உள்ள பணம்
விதிமுறை – எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒழுங்கு